ஹாம்லெட்: ஒரு ரயில் ஊரும் அதன் வரலாற்றுப் பலகைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார்லட்டிலிருந்து 74-ம் நெடுஞ்சாலையில் வில்மிங்டனுக்கோ மிர்ட்டில் பீச்சுக்கோ போகிற வழியில் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களும் உண்டு, ஒருமுறை இறங்கிச் சுற்றிவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. இரண்டு வகைக் கேள்விகளையும் சேர்த்தே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசை முறை என்று எதுவும் இல்லை. வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

ஹாம்லெட் எங்கே இருக்கிறது? அப்படி என்ன பெரிய ஊர்?

பெரிய ஊரே இல்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், தென் கரோலினா எல்லைக்குக் கொஞ்சம் மேலே, ரிச்மண்ட் கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 6,000. சார்லட்டிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். புதிய நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் ஒதுங்கிப் போவதால், வேண்டுமென்றே திரும்பினால்தான் ஊர் கண்ணில் படும்.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இத்தனை பெரிய ஸ்டேஷன்?

ஊர் வளர்ந்து ஸ்டேஷன் வரவில்லை, ஸ்டேஷனால்தான் ஊரே வளர்ந்தது. கடற்கரையில் இருக்கிற வில்மிங்டனையும் மேற்கே சார்லட்டையும் இணைக்கும் ரயில் பாதை முதலில் இந்தப் பக்கமாக வந்தது. 1870-களில் ஜான் ஷார்ட்ரிட்ஜ் என்ற இங்கிலாந்துக்காரர் இங்கே குடியேறி ஊருக்கு அடித்தளம் போட்டார். 1877-ல் ராலேயிலிருந்து தெற்கே வந்த பாதையும் இங்கே வந்து சேர, ஊர் சந்திப்பாகிவிட்டது. 1897-ல்தான் முறையான நகராட்சி ஆனது. 1900-ல் பல சிறு கம்பெனிகளை ஒன்றாக்கி சீபோர்டு ஏர் லைன் என்ற ரயில்வே உருவானது (விமானத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நேர்கோட்டில் போகும் பாதை என்று பெருமையடித்துக்கொள்ள வைத்த பெயர்). அதே ஆண்டில் இந்த ஸ்டேஷனையும் கட்டினார்கள்.

நியூயார்க்கிலிருந்து ஃப்ளோரிடாவுக்குக் குளிர்காலத்தில் வெயில் காயப் போகும் பணக்காரர்களின் வண்டிகளெல்லாம் இந்த வழியாகத்தான் ஓடின. 1925-ல் தொடங்கிய ஆரஞ்சு பிளாஸம் ஸ்பெஷல் அதில் பேர்போனது. எஞ்சின் மாற்ற, ஆள் மாற்ற, பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்க என எல்லாவற்றுக்கும் ஹாம்லெட்தான் இடம். ஊரில் வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயில் இருந்தார்கள் என்றால் மிகையாகச் சொன்னதாக இங்கே யாரும் நினைக்க மாட்டார்கள்.

அந்த ஸ்டேஷன் கட்டடத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

முதலில் வெளியே நின்று பாருங்கள், உள்ளே அப்புறம் போகலாம். முழுக்க மரத்தில் கட்டிய விக்டோரியா காலத்துக் கட்டடம். இரண்டு பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்துக்காக எல் வடிவில் வளைத்து, மூலையை வட்டமாக்கி, மழையிலும் வெயிலிலும் பயணிகள் நிற்க வசதியாகக் கூரையை வெளியே அகலமாக இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஒரு கை ஒரு பாதைக்கு, இன்னொரு கை மறு பாதைக்கு. அழகு தனியாகச் சேர்த்தது இல்லை, வேலைக்குத் தேவைப்பட்ட வடிவமே அழகாக வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

1971-லேயே தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இது ஏறிவிட்டது. அப்படியும் கட்டடம் நலிந்துகொண்டே போனது. கடைசியில் 2000-களின் தொடக்கத்தில் முழுக் கட்டடத்தையும் தூக்கி, தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் வைத்துப் புதுப்பித்தார்கள். ஆக, நீங்கள் இன்று பார்ப்பது அதே கட்டடம், ஆனால் அதே இடம் இல்லை. பழைய புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இதனால்தான் குழம்பிப்போகிறார்கள். உள்ளே ரயில்வே காட்சியகம் இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்தில் டொர்னாடோ என்ற நீராவி எஞ்சினின் பழைய மாதிரி நிற்கிறது. அசல் டொர்னாடோ 1840-ல் ராலே–கேஸ்டன் பாதையில் ஓடியது. குழந்தைகளோடு போனால் அங்கேயே அரை மணி நேரம் போய்விடும்.

ஸ்டேஷனில் கறுப்பினத்தவருக்குத் தனி அறை இருந்ததா?

இருந்தது. வட கரோலினா 1899-ல் ரயில்களிலும் ஸ்டேஷன்களிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. இந்த ஸ்டேஷன் அதற்கு அடுத்த ஆண்டு எழும்பியது. காத்திருப்பு அறை இரண்டாக இருந்ததற்குக் காரணம் கூட்டம் அதிகம் என்பது இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளை இப்படிப் பிரிக்கக் கூடாது என்று மாநிலங்களுக்கிடை வர்த்தக ஆணையம் தீர்ப்பளித்தது 1955 நவம்பரில். இடையில் கழிந்தது அரை நூற்றாண்டுக்கும் மேல். வேலையிலும் இதே பிரிவினைதான்: நிலக்கரி அள்ளிப் போடவும், பெட்டிகளை இணைக்கவும், மூட்டை தூக்கவும், படுக்கை விரிக்கவும் கறுப்பர்கள், எஞ்சின் ஓட்டுநர் இருக்கை வெள்ளையருக்கு. ஸ்டேஷனின் கூரை வேலைப்பாட்டை வியந்து பேசுகிறவர்கள் அதன் தரைப்படத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தால் நல்லது.

சாலையோரம் நிற்கும் வெள்ளி நிறப் பலகைகளை யார் வைக்கிறார்கள்?

மாநில அரசு. 1935-ல் சட்டம் இயற்றி, 1936 ஜனவரியில் முதல் பலகையை ஸ்டோவால் என்ற ஊரில் நட்டார்கள். அது சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென்னுக்காக வைத்தது. இன்று மாநிலம் முழுக்க 1,600-க்கு மேல் இருக்கின்றன. வார்ப்பு அலுமினியம், வெள்ளிப் பூச்சு, கறுப்பு எழுத்து, உச்சியில் மாநில முத்திரை. ஓரத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். எழுத்து மாநிலத்தின் எந்தப் பகுதி என்பதைக் காட்டும், எண் அந்தப் பகுதிக்குள் வரிசை.

யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். கல்லூரிப் பேராசிரியர்கள் கொண்ட ஒரு குழு ஆதாரங்களைப் பார்த்து முடிவு செய்யும். உள்ளூர்ப் பெருமை மட்டும் போதாது, மாநில அளவில் முக்கியத்துவம் இருக்க வேண்டும். உயிரோடிருப்பவர்களுக்குக் கிடையாது. ஐந்தாறு வரிக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும், காரணம் இதை காரில் போகிறவர் கண்ணில் படுவதற்காகவே வைக்கிறார்கள். அதனால்தான் பலகை பெரும்பாலும் சம்பவம் நடந்த இடத்தில் இருக்காது, அதற்கு அருகிலுள்ள எண் போட்ட நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கும்.

ஜான் கோல்ட்ரேன் பலகை எங்கே? அவர் இங்கேதான் வளர்ந்தாரா?

பிறந்தது இங்கே, வளர்ந்தது இங்கே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர்களில் ஒருவரான கோல்ட்ரேன், 1926 செப்டம்பர் 23 அன்று ஹாம்லெட் அவென்யூவும் பிரிட்ஜஸ் தெருவும் சந்திக்கிற முனையில் இருந்த வீட்டில் பிறந்தார். அங்கேதான் பலகையும் இருக்கிறது. அப்பா தையல்காரர். அம்மாவைப் பெற்ற தாத்தா வில்லியம் பிளேர், கறுப்பினத்தவரின் மெதடிஸ்ட் சபைகளில் ஒன்றான ஏ.எம்.இ. சயான் சபையில் மூத்த போதகர். அவருக்கு ஹை பாயின்ட் நகரத்துக்கு மாற்றல் வரவும், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையோடு குடும்பம் அங்கே போய்விட்டது. பள்ளிக்கூடம், முதல் வாத்தியம், எல்லாம் ஹை பாயின்டில்தான். சிலையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.

அதனால் "சில மாதம் இருந்ததற்கு ஒரு பலகையா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டுமே என்பேன். இவர் 1967-ல் நாற்பது வயதில் இறந்தார், 2007-ல் இறப்புக்குப் பிந்தைய சிறப்புப் புலிட்சர் விருது கிடைத்தது. இப்படிப்பட்டவர் பிறந்த முனை எது என்று தெரிந்திருப்பதே நல்ல விஷயம்தான். எனக்கு உறுத்துவது வேறு: அந்தத் தையல்காரரும் போதகரும் எந்தத் தெருக்களில் நடக்கலாம், எந்த அறையில் ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் விதி இருந்த ஊர் இது. அலுமினியப் பலகையின் ஐந்து வரியில் அதற்கு இடம் இருக்காது, நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோல்ட்ரேனுக்கும் கோயம்புத்தூருக்கும் ஏதோ தொடர்பு உண்டென்று கேள்விப்பட்டேன், உண்மையா?

நேரடியாக இல்லை, மனைவி வழியாக உண்டு. அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனும் பெரிய இசைக்கலைஞர். கணவர் மறைந்த பிறகு அவர் சுவாமி சச்சிதானந்தரின் சீடரானார், 1971-ல் வெளியிட்ட இசைத்தட்டுக்குக் குருவின் பெயரையே வைத்தார். சச்சிதானந்தர் 1914-ல் கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்தவர். கோல்ட்ரேன் தம்பதி ஒரு மகனுக்கு ரவி என்று பெயரிட்டது சிதார் மேதை ரவிசங்கரை நினைத்து. ஹாம்லெட்டில் இதைப் பற்றி எந்தப் பலகையும் கிடையாது, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த ஊரில் பிறந்த வேறு பிரபலம்?

டாம் விக்கர். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர். 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருடைய வாகன வரிசையோடு போய்க்கொண்டிருந்தவர், அதைப் பற்றிய முதல் பக்கச் செய்தியை எழுதியவர். 1971-ல் அட்டிகா சிறைக் கலவரத்தில் கைதிகளே பார்வையாளராக அழைத்தவர்களில் ஒருவர். அப்பா ரயில்வேயில் சரக்கு வண்டி கார்டு. பிறந்தது 1926 ஜூன், அதாவது கோல்ட்ரேனுக்கு மூன்று மாதம் மூத்தவர். ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒருவர் வெள்ளையர் வீட்டுப் பிள்ளை, ஒருவர் கறுப்பர் வீட்டுப் பிள்ளை. இந்த ஜோடியைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

தென் மாநிலம் ஆயிற்றே, உள்நாட்டுப் போர் நினைவுச் சின்னங்கள் நிறைய இருக்குமே?

இங்கே குறைவு. போர் 1865-ல் முடிந்தபோது ஹாம்லெட் என்ற ஊரே இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் வடக்குத் தரப்புத் தளபதி ஷெர்மனின் படை இந்தக் கவுண்டி வழியாகப் போனது உண்மை. அதைத் தேடுகிறவர்கள் பக்கத்திலுள்ள ராக்கிங்ஹாம் பக்கம் போக வேண்டும். ஒரு விஷயம் மட்டும்: 2015-ல் வந்த மாநிலச் சட்டப்படி, பொது இடத்தில் இருக்கும் நினைவுச் சின்னத்தை உள்ளூர் நிர்வாகம் நினைத்தபோது அகற்றிவிட முடியாது.

பெரிய ரயில் விபத்து ஏதாவது நடந்திருக்கிறதா?

1911 ஜூலையில் நடந்தது. டர்ஹாம் நகரத்து செயின்ட் ஜோசப் சபையைச் சேர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் சார்லட்டுக்கு உல்லாசப் பயணம் போன தனி ரயில், ஹாம்லெட் அருகே சரக்கு ரயிலோடு நேருக்கு நேர் மோதியது. அந்தக் காலத்துப் பெட்டிகள் மரத்தாலானவை, மோதினால் நொறுங்கிவிடும்.

1991 தீ விபத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதுவும் ரயில்வே சம்பந்தப்பட்டதா?

தீப்பிடித்தது ஒரு கோழி வறுக்கும் ஆலையில், அது ரயில்வேயுடையது இல்லை. ஆனால் ரயில்வே வேலை ஊரில் கரைந்துபோனதை விட்டுவிட்டு இந்தத் தீயைப் புரிந்துகொள்ள முடியாது. டீசல் எஞ்சின் வந்த பிறகு ஆள் தேவை குறைந்தது. 1967-ல் சீபோர்டு தன் போட்டிக் கம்பெனியோடு இணைந்தது, 1980-களில் அது சி.எஸ்.எக்ஸ். ஆனது, ஒவ்வொரு இணைப்பிலும் வேலைகள் போயின. சங்கம், ஓய்வூதியம், நல்ல சம்பளம் என்று இருந்த ஊரில், கிடைத்த கூலிக்கு வேலை செய்ய ஆட்கள் நிறையக் கிடைத்தார்கள், முக்கியமாகப் பெண்கள், அவர்களிலும் கறுப்பினப் பெண்கள். 1980-ல் இம்பீரியல் ஃபுட் என்ற கம்பெனி பழைய ஐஸ்கிரீம் ஆலை ஒன்றில் கோழி வறுக்கும் தொழிலைத் தொடங்கியது.

1991 செப்டம்பர் 3, தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள் காலை. வறுக்கும் எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஹைட்ராலிக் குழாய் ஒன்று பழுது பார்க்கும்போது பிய்த்துக்கொண்டு, அதிலிருந்து பீறிட்ட எண்ணெய் எரிவாயு அடுப்பில் பட்டுத் தீப்பிடித்தது. கதவுகள் வெளியே பூட்டியிருந்தன, கோழியைத் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம், ஈ உள்ளே வந்துவிடுமாம். 25 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சு முட்டி. ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். தீயணைப்புத் தெளிப்பான் கிடையாது. ஆலை நடந்த 11 ஆண்டுகளில் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருமுறைகூட உள்ளே வந்ததில்லை. கோழி இறைச்சியின் தரம் பார்க்கும் கூட்டாட்சி ஆய்வாளர் மட்டும் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார். கோழிக்கு இருந்த கவனிப்பு ஆளுக்கு இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் டாபின்ஸ் ஹைட்ஸ் என்ற கறுப்பினத்தவர் ஊரின் தீயணைப்புப் படை உதவிக்குத் தயாராக நின்றும் அவர்களை உள்ளே அழைக்கவில்லை என்ற கோபம் அந்த ஊரில் இன்னும் தீரவில்லை. உரிமையாளர் எம்மெட் ரோ 25 உயிரிழப்புக்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை 19 ஆண்டு 11 மாதம், உள்ளே இருந்தது ஐந்து ஆண்டுக்கும் குறைவு. 1992-ல் மாநிலம் பாதுகாப்புச் சட்டங்களைக் கடுமையாக்கியது, ஆய்வாளர் எண்ணிக்கையையும் கூட்டியது.

நினைவுச் சின்னம் ஒன்று நகர ஏரிக்கரையில் இருக்கிறது, இன்னொன்று ஆலை இருந்த பக்கம். ஒரே துயரத்துக்கு இரண்டு கல் ஏன் என்ற கேள்வியே இந்த ஊரின் வரலாற்றைப் பாதி சொல்லிவிடும். ஸ்டேஷனைப் பார்க்க வருகிறவர்களில் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. தயவுசெய்து திரும்புங்கள்.

தேசியப் பதிவேட்டில் இருந்தால் கட்டடத்தை இடிக்க முடியாதுதானே?

இடிக்கலாம். நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. சொந்தக்காரர் தன் காசில் தன் கட்டடத்தை என்ன செய்தாலும் பதிவேடு தடுக்காது. 1966-ம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சிப் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட திட்டம் என்றால் மட்டும், கட்டடத்துக்கு என்ன பாதிப்பு வரும் என்று ஆராய்ந்தாக வேண்டும். வருமானம் தரும் பழைய கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் வரிக்கழிவாகக் கிடைக்கும். காப்பாற்றுவது பதிவேட்டைவிட இந்த வரிக்கழிவும், உள்ளூர்க்காரர்களின் பிடிவாதமும்தான்.

இப்போதும் ரயில் ஓடுகிறதா? யார்டைப் பார்க்க விடுவார்களா?

சரக்கு ரயில்கள் நிறைய ஓடுகின்றன. 1950-களில் கட்டிய ஹம்ப் யார்டு ஊருக்கு வடக்கே இருக்கிறது. மேட்டின் மேல் வேகன்களைத் தள்ளி, ஒவ்வொன்றாகக் கழற்றி, தானாக உருண்டு வெவ்வேறு தடங்களில் போய்ச் சேரும்படி செய்யும் முறை அது. உள்ளே விட மாட்டார்கள், தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது சட்டப்படி அத்துமீறல். ஸ்டேஷன் பக்கம் நின்றாலே போதுமான அளவுக்கு வண்டிகளைப் பார்க்கலாம்.

பயணிகள் ரயில் என்றால், நாடு முழுக்கப் பயணிகள் ரயில் ஓட்டும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் ஃப்ளோரிடியன் ஒன்றுதான் (2024 நவம்பர் வரை இதே பாதையில் சில்வர் ஸ்டார் ஓடியது). திசைக்கு ஒன்று, இரண்டுமே இருட்டு நேரத்தில் வந்து போகிறவை. ரயில் ஊருக்கு ரயிலில் போகும் ஆசை நல்ல ஆசைதான், ஆனால் காரில் போங்கள்.

எந்த நாளில் போகலாம், எவ்வளவு நேரம் வேண்டும்?

அரை நாள் தாராளம். காட்சியகம் திறந்திருக்கும் நாளை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், சின்ன ஊர்க் காட்சியகங்கள் நம் வசதிக்குத் திறப்பதில்லை. ஸ்டேஷன், அங்கிருந்து மெயின் ஸ்ட்ரீட் செங்கல் கட்டடங்கள், பிறகு கோல்ட்ரேன் பலகை, கடைசியாக ஏரிக்கரைச் சின்னமும் ஆலை இருந்த இடமும். கூட்டமும் தீனியும் வேண்டும் என்றால் அக்டோபர் கடைசியில் நடக்கும் சீபோர்டு திருவிழாவுக்குப் போங்கள். நிதானமாகப் பலகை படிக்க வேண்டும் என்றால் அன்று மட்டும் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.